ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்ஜ்கினைத் தேடி

ஆக்ஸ்போர்டு பார்க்ஸ் சாலையிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வருவோரில் பலரும் டோடோ பறவையின் எச்சங்களையும் டைனோசர் எலும்புக்கூடுகளையும் காணவே வருகிறார்கள். நான் சென்றதோ வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கினை முன்னிட்டு. 1860இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் கண்ணாடிக் கூரையை இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. முற்றத்தைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் வெவ்வேறு பாறைகளில் செதுக்கப்பட்டவை, பாறையின் பெயரும் அடியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படிகங்களை ஆராய்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி வாய்த்திருக்காது.

இடம்தான் பொருத்தம், வசதி கிடையாது. ஆய்வுக்கூடமாக அவருக்குக் கிடைத்தது கட்டடத்தின் ஒரு மூலையில், பாதி நிலவறையாக இருந்த ஓர் அறை. வெளிச்சம் உயரத்திலிருந்த கோதிக் சாளரத்தின் வழியாகவே வந்ததால் நுண்ணோக்கியை அதனருகே ஒரு பரணில் வைத்திருந்தார். அங்கே தேர்ந்தெடுத்த படிகத்தை ஒரு கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்குவார். முடக்குவாதம் 24 வயதிலேயே தலைகாட்டிய கைகள் அவை. பின்னாளில் எக்ஸ்ரே கருவியின் விசையை இயக்கவே தனியாக ஒரு நீண்ட நெம்புகோல் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1910இல் கெய்ரோவில் பிறந்து, இங்குள்ள சோமர்வில் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் படிகவியலாளர் பெர்னாலிடம் ஆய்வு செய்துவிட்டு, 1934இல் ஆக்ஸ்போர்டுக்கே திரும்பினார். வேதியியல் ஆசிரியர்களின் ஆய்வுக் கூட்டங்களில் அப்போது பெண்களுக்கு இடமில்லை.

போர்க்காலத்தில் பென்சிலின் படிகங்கள் கைக்கு வந்தன. எக்ஸ்ரே கதிர்கள் படிகத்தில் பட்டுச் சிதறிப் படச்சுருளில் பதித்த புள்ளிகளின் அடர்த்தியை அளந்து, அணுக்கள் இருக்குமிடத்தைக் கணக்கிட்டு, மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த நான்கு முனை வளையம் அதனுள் இருப்பதை 1945இல் அவரும் அவருடைய மாணவி பார்பரா லோவும் நிறுவினார்கள். பீட்டா லாக்டம் எனப்படும் அவ்வளையம் இறுக்கம் மிகுந்தது, எளிதில் உடைவது. பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் நொதியை முடக்குவதும் அதுதான். ஆக்ஸ்போர்டிலேயே வேதியியலில் பெரும்புள்ளியான ராபர்ட் ராபின்சன் வேறோர் அமைப்பையே வலியுறுத்திவந்தார். ஹாட்ஜ்கின் சொல்வது சரியென்றால் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று வேதியியலாளர் ஜான் கார்ன்ஃபோர்த் சொன்னதாக ஒரு கதை உண்டு. நல்லவேளை, போகவில்லை, 1975இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வைட்டமின் பி12இன் அமைப்பையும் கண்டறிந்த ஹாட்ஜ்கினுக்கு 1964இல் நோபல் பரிசு வந்தபோது, 'ஆக்ஸ்போர்டு இல்லத்தரசி' என்றே ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் தலைப்பிட்டது. பத்திரிகைகளின் குறுகிய பார்வைக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. அறிவியல் துறைகளில் நோபல் பெற்ற ஒரே பிரிட்டிஷ் பெண் இன்றளவும் அவர்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது இன்சுலின். 1935இல் அதன் படிகத்தை முதன்முதலாகப் படமெடுத்தவர், 1969இல்தான் அமைப்பை வெளியிட்டார், 34 ஆண்டுகள். அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான எம். விஜயன், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தெடுத்தார்.