ஓட்டத்தை விட்டுக்கொடுக்காமல் எடையைக் குறைத்தேன்: எப்படி, எவ்வளவு, எங்கே நிறுத்தினேன்

"கம்மியாகச் சாப்பிடு, நிறைய ஓடு." எடை குறைக்க எல்லோரும் சொல்லும் யோசனை இதுதான். மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கும், மணிக்கணக்கில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும் இது ஒத்துவராது. நாம் ஏற்கெனவே நிறைய ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்கு மேல் சாப்பாட்டையும் வெட்டினால் எடை குறையும், கூடவே வேகமும் போகும், காயமும் வந்து உட்காரும். எனக்கு 74 கிலோவிலிருந்து 69-க்கு வர வேண்டும் என்று இருந்தது. அதே சமயம் பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த ஓட்டத்தைக் கொஞ்சமும் இழக்க மனமில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும், ஆனால் மெதுவாகத்தான் நடக்கும்.

குறைக்க வேண்டுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. அதனால் தேவையில்லாத கொழுப்பு போனால் லாபம் உண்டு, மேட்டில் ஏறும்போது அது நன்றாகவே தெரியும். ஆனால் போக வேண்டியது கொழுப்பு மட்டும். தசை போனால் வேகம் போகும், தண்ணீர் போனால் நாளைக்கே திரும்பி வந்துவிடும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் இன்னும் இரண்டு கிலோ குறைத்தால் வேகம் கூடும் என்று நினைப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். எனக்குக் கொழுப்பு இருபது சதவீதத்தைத் தாண்டியிருந்தது, அதாவது கொழுப்பை நீக்கிப் பார்த்தால் சுமார் 58 கிலோ. குறைக்க இடம் இருந்தது.

அடுத்தது நேரம். ஒரு போட்டி முடிந்து, அடுத்தது வெகு தூரத்தில் இருக்கும்போதுதான் தொடங்கினேன். வாரத்தின் பெரும்பகுதி ஈஸி ரன்னாக, அதாவது மூச்சு வாங்காத மெதுவான ஓட்டமாக, இருக்கும் காலம் அது. போட்டிக்கு முந்தைய கடினமான வாரங்களில் உடம்பு வாங்குகிற அடியிலிருந்து மீளவே சாப்பாடு போதாது. அந்த நேரத்தில் கலோரியைக் குறைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், விட்டமின் டி, தைராய்டு. உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சத்தின் சேமிப்பு அடியில் கிடக்கலாம், சாப்பாட்டைக் குறைத்தபின் வருகிற களைப்பு எதனால் வந்தது என்று அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இனி கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு நாளில் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். உடம்பு தன் மற்ற வேலைகளைப் பார்க்க ஒரு கிலோவுக்கு எத்தனை கலோரி மிஞ்சுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். 45 அளவில் இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே நாள்கணக்கில் போனால் தொல்லை. 30 என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரியான கோடு இல்லை, சிலருக்கு அதற்கு மேலேயே சிக்கல் தொடங்கிவிடும், ஆனாலும் ஒரு எச்சரிக்கைப் பலகையாக நான் அதை வைத்துக்கொண்டேன்.

என் விஷயத்தில் 12 கிலோமீட்டர் ஓடுகிற நாளில் ஓட்டத்துக்கு மட்டும் 890 கலோரி போகும். 58 கிலோவுக்கு முப்பது வீதம் 1,740. இரண்டையும் கூட்டினால் 2,630. அந்த நாளில் 2,600 கலோரி சாப்பிட்டாலும் நான் கோட்டுக்குக் கீழேதான்! எடை குறைப்பு என்றதும் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிற 1,500 கலோரித் திட்டத்தை அன்றைக்குப் பின்பற்றினால் மீதி 610 கலோரி, அதாவது கிலோவுக்குப் பத்துச் சொச்சம். அதில் 58 கிலோ உடம்பு என்ன செய்யும்? வருமானம் திடீரென்று சுருங்கிய வீடு எதை ஒத்திப்போடலாம் என்று பார்ப்பதைப் போல, இன்றைக்கு அவசரமில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். இனப்பெருக்க ஹார்மோன்கள், எலும்பைப் புதுப்பிக்கும் வேலை, நோய் எதிர்ப்பு என்று அது போகும்.

விளையாட்டு மருத்துவத்தில் முதலில் பெண்களிடம்தான் இதைக் கவனித்தார்கள்: குறைந்த சாப்பாடு, நின்றுபோகும் மாதவிடாய், பலவீனமாகும் எலும்பு, மூன்றும் சேர்ந்து வருவது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு இதை விரிவாக்கி, ஆண்களுக்கும் இது உண்டு, உடம்பு முழுவதையும் பாதிக்கிறது என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. 2018-லும் 2023-லும் அதைப் புதுப்பித்தார்கள். அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 2019-ல் வெளிப்படையாகப் பேசினார்: எடையைக் குறைத்துக்கொண்டே போகச் சொல்லி வந்த அழுத்தத்தில் தனக்கு மூன்று வருஷம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று. பதினேழு வயதிலேயே உலகப் போட்டியில் ஓடியவர் அவர். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு எடை பற்றி இளம் பிள்ளைகளிடம் வாய்க்கு வந்தபடி பேசுகிற பயிற்சியாளர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

சரி, நான் என்ன செய்தேன்? வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அது 350 கிராமுக்குச் சற்று மேலே. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்று எடுத்தால், நாளைக்கு 350 முதல் 400 கலோரி குறைந்தால் போதும். முன்பு சொன்ன 12 கிலோமீட்டர் நாளில் எனக்குத் தேவை 3,300 அளவில் இருக்கும். 2,950 சாப்பிட்டால் மீதி கிலோவுக்கு 35-ஐத் தாண்டுகிறது. கோட்டுக்கு மேலேயே இருந்துகொண்டு எடையும் குறையும். 2011-ல் வந்த ஒரு நார்வே ஆய்வில், தேர்ந்த விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, வாரத்துக்கு 0.7 சதவீதம் குறைக்கிறவர்களையும் 1.4 சதவீதம் குறைக்கிறவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு குழுவும் எடைப் பயிற்சியும் செய்தார்கள். மெதுவாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடவே செய்தது, வேகமாகக் குறைத்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. எனக்கு இதுவே போதுமான காரணமாக இருந்தது.

அந்த 350 கலோரியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, வந்தும் சாப்பிடாமல், மதியம் வரை இழுத்துப் பிடிப்பார்கள். மாலையில் பசி பிய்த்துத் தின்னும், ராத்திரி கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். நாள் முழுவதுக்குமான கணக்கு சரியாகவே வந்தாலும், நடுவில் பல மணி நேரம் உடம்பு பட்டினியில் கிடந்ததற்கு விலை உண்டு. நான் பயிற்சியைச் சுற்றியுள்ள சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை. ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழமோ பிரெட்டோ, லாங் ரன்னில் (வாரத்தின் நீண்ட தூர ஓட்டம்) மணிக்கு 60 கிராம் கார்ப் (மாவுச்சத்தும் சர்க்கரையும்), முடித்ததும் ஒரு மணி நேரத்துக்குள் கார்ப்பும் புரதமும் சேர்ந்த முழுச் சாப்பாடு. எடை குறைக்கிற காலம்தானே, லாங் ரன்னில் ஜெல் (ஓடிக்கொண்டே விழுங்குகிற சர்க்கரைக் கூழ்) எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஜெல்லைத் தவிர்த்தால் மிச்சமாவது 100 கலோரி. கடைசி எட்டு கிலோமீட்டர் நொண்டி, அடுத்த இரண்டு நாள் பயிற்சியும் கெட்டு, சாயங்காலம் அதைப்போல மூன்று மடங்கு சாப்பிடுவதற்கு அது ஈடாகாது.

குறைத்தது எல்லாம் பயிற்சிக்குத் தொலைவில் இருந்த நேரங்களில். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா வாயில் போட்டுக்கொள்கிற நொறுக்குத் தீனி, ஓட்டமில்லாத நேரத்தில் குடிக்கும் இனிப்புப் பானங்கள், சமையலில் அளக்காமல் ஊற்றுகிற எண்ணெய். எண்ணெயை மட்டும் ஸ்பூனில் அளக்கத் தொடங்கியதிலேயே தேவையில் பாதி வந்துவிட்டது. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, நான் ஊற்றியது எத்தனை கரண்டி என்று அதுவரை யோசித்ததே இல்லை. கார்ப்பை நாளுக்கு ஏற்றபடி மாற்றினேன்: ஓய்வு நாளில் கிலோவுக்கு மூன்று கிராம், சாதாரண நாளில் ஐந்து, லாங் ரன்னுக்கு முந்தைய நாளும் அன்றும் ஏழு வரை. கார்ப்பை ஒட்டுமொத்தமாக நிறுத்துவதை நான் ஏற்கவில்லை, வேகமாக ஓட உடம்பு நம்பியிருப்பது அதைத்தான்.

புரதம் கிலோவுக்கு இரண்டு கிராம், அதாவது நாளைக்கு 140 முதல் 150 கிராம் வரை, நான்கு வேளையாகப் பிரித்து. முட்டை, தயிர், பருப்பு, மீன், சில நாள் புரதப் பவுடர். பசியை அடக்கியதில் பெரிய பங்கு இதற்குத்தான், அப்புறம் காய்கறிக்கு. வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி: ஸ்குவாட், டெட்லிஃப்ட், குதிகாலை உயர்த்துவது, கொஞ்சம் கனமாகவே. கலோரி குறைந்த காலத்தில் தசையை வைத்துக்கொள் என்று உடம்புக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கைக்கடிகாரம் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடவில்லை, அவற்றின் இதயத் துடிப்பு அளவு பரவாயில்லை, கலோரி அளவு மிகவும் தப்பும்.

எடை பார்ப்பது தினமும் காலையில், கழிவறை போய்வந்தபின், ஏழு நாள் சராசரியை மட்டுமே எழுதிவைப்பேன். கார்ப்பை உடம்பு கிளைக்கோஜனாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது, அது ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். லாங் ரன்னுக்காக ஏற்றிச் சாப்பிட்ட மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும், அதில் கொழுப்பு இருக்காது. கார்ப்பை நிறுத்துகிறவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ போச்சு என்று மகிழ்வதும் இதே தண்ணீரால்தான்.

எடையைவிட நான் அதிகம் நம்பியது வேறு சில அறிகுறிகளை. காலையில் எழுந்ததும் பார்க்கும் இதயத் துடிப்பு. தூக்கம், முக்கியமாக நடுராத்திரியில் பசித்து விழிப்பு வருகிறதா என்பது. எரிச்சல். பாலுறவில் நாட்டம் குறைகிறதா என்பது, ஆண்களில் காலை விறைப்பு நின்றுபோவதும் சேர்த்து. வெட்கப்படாமல் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பெண்களுக்கு மாதவிடாய். என்னோடு ஓடும் தோழிக்கு அது தள்ளிப்போனபோது, நிறைய ஓடினால் அப்படித்தான் இருக்கும் என்று உடன் ஓடுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள். அது சாதாரணம் இல்லை, உடம்புக்குச் சக்தி போதவில்லை என்பதன் நேரான அறிகுறி. அவர் மகளிர் மருத்துவரைப் பார்த்து, சாப்பாட்டைக் கூட்டி, ஓட்டத்தைக் குறைத்துச் சில மாதங்களில் மீண்டார். அந்த வருஷப் போட்டியை விட்டுவிட்டார், அது சரியான முடிவு.

எனக்கு மிகவும் கைகொடுத்தது வாராவாரம் ஒரே பாதையில் ஓடிய டெம்போ, அதாவது சற்றுக் கடினமான, ஒரே சீரான வேக ஓட்டம். ஐந்து கிலோமீட்டர், துடிப்பு 162-ஐத் தாண்டாமல். அந்தத் துடிப்பில் கிலோமீட்டருக்கு 5:05 வந்துகொண்டிருந்தது, எடை குறையக் குறைய 5:00 ஆனது. பாதி வழியில் ஒரு வாரம் அது 5:14-க்குப் போனது, அடுத்த வாரம் 5:20. வெயிலா, தூக்கமா என்று பார்த்தேன், இரண்டும் இல்லை. தொடை கனத்திருந்தது, படியேறினால் கால் எரிந்தது. எடைச் சராசரி அழகாக இறங்கிக்கொண்டிருந்தாலும் முன்பே முடிவு செய்திருந்தபடி கலோரிக் குறைப்பை அன்றே நிறுத்தி, பத்து நாள் போல முழுத் தேவைக்கும் சாப்பிட்டேன், கூட்டியதில் பெரும்பகுதி கார்ப். அடுத்த டெம்போவிலேயே 5:06, அதற்கடுத்து 4:58. பிறகுதான் மறுபடியும் குறைக்கத் தொடங்கினேன், இந்த முறை நாளைக்கு 250 கலோரி மட்டும். இப்படி இடையிடையே முழுச் சாப்பாட்டுக்குத் திரும்புவதைப் பின்வாங்குவதாக நினைக்க வேண்டாம், நீண்ட காலம் தாக்குப்பிடிக்க இது வேண்டும்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், முன்பு உணவுக் கோளாறோ எலும்பில் அழுத்த முறிவோ வந்தவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், மருத்துவரும் விளையாட்டு உணவு நிபுணரும் கூட இருக்கட்டும். கலோரி எண்ணுவதே நாள் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தால், வெளியில் நண்பர்களோடு சாப்பிடப் பயம் வந்தால், அப்போதும் நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

69 என்று நினைத்தது 70-ல் நின்றது, நான்தான் நிறுத்தினேன். 70-க்கு வந்தபின் எடை அசையவில்லை, ராத்திரி விழிப்பு தொடங்கியது, இன்னும் ஒரு கிலோவுக்காகக் கலோரியை மேலும் வெட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. போட்டிக்கான பயிற்சியும் நெருங்கிவிட்டது. அதனால் முழுத் தேவைக்குத் திரும்பினேன். முதல் வாரத்தில் சராசரி முக்கால் கிலோ ஏறியது, அதுவும் கிளைக்கோஜனும் தண்ணீரும்தான், அங்கேயே நின்றுவிட்டது. தூக்கம் சரியாயிற்று. ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்ததில் ஃபெரிட்டின் இறங்கவில்லை. இப்போது 70.5 அளவில் இருக்கிறேன், அதே பாதையில் அதே 162 துடிப்பில் 4:52 ஓடுகிறேன், எண்ணெயை இன்னும் ஸ்பூனில்தான் அளக்கிறேன்.