ஊரடங்கில் கருக்கலைப்பு: கணவர் கையெழுத்து இல்லாமல்

இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கு ரத்தம் கம்மி. அதனால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை 2020 ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தார்கள். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது, ஆபரேஷன் நின்றுபோனது. திருப்பூர் கம்பெனி மூடியதால் கணவர் விழுப்புரம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். மே மாதம் கம்பெனி திறந்ததும் கிளம்பிவிட்டார். அதன் பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது.

நர்சம்மா கொடுத்த அட்டையில் இரண்டு கோடு. கைக்குழந்தை இன்னும் பால் குடிக்கிறது, மாதக்கணக்கில் வருமானமும் இல்லை. வேண்டாம் என்று இருவரும் போனிலேயே முடிவெடுத்தோம். மருந்துக் கடையில் மாத்திரை இல்லை என்றார்கள்.

ஜூனில் மாவட்டங்களை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் மட்டும் பஸ் விட்டதும் அண்ணியோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதலில் கொரோனா பரிசோதனை முடிவு கேட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு போனால், கணவர் கையெழுத்து வேண்டுமாம். அவர் இருப்பது வேறு மண்டலம். மண்டலம் தாண்ட இ-பாஸ் என்ற அனுமதி வேண்டும்; அதற்கு மருத்துவக் காரணம் என்று போட்டால் சான்று கேட்கும். இதற்கு எந்தச் சான்றைக் காட்டுவது?

மாத்திரையால் கலைக்க அப்போது ஏழு வாரம்தான் கெடு. பன்னிரண்டு வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுபோல இதையும் தள்ளிப்போடச் சொன்னவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். "பதினெட்டு வயசு முடிஞ்சவளுக்கு அவ கையெழுத்தே போதும்மா, 1971 கருக்கலைப்புச் சட்டமே அப்படித்தான். சம்மதம் எழுதிக் கொடுக்கிற படிவம் சி கேளு. அங்கேயே இரு, டாக்டர்கிட்ட நான் பேசுறேன்" என்றார். பேசினார். டாக்டர் மறுக்கவில்லை. ரத்த அளவு இப்போது பரவாயில்லை. ஸ்கேனில் ஆறு வாரம்.

முதல் மாத்திரையை டாக்டர் முன்னாலேயே விழுங்கினேன். மூன்றாம் நாள் அடுத்த மருந்து. அன்று வயிற்றுவலி கடுமையாக இருந்தது, ரத்தப்போக்கும் அதிகம். மணிக்கு இரண்டு பேடோ அதற்கு மேலோ நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அந்த அளவுக்குப் போகவில்லை. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். அண்ணி இரவெல்லாம் விழித்திருந்தார்.

பதினைந்தாம் நாள் பரிசோதனையில் முழுவதும் வெளியேறிவிட்டது என்று உறுதிசெய்து, அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு அடுத்த பிப்ரவரியில்தான் தேதி கிடைத்தது.