ஒரு சிறிய படத்திற்குத் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற அனுபவம்

திரையரங்கில் படத்தை வெளியிட விரும்பும் எவரும், 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழைப் பெற்றாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். அந்தச் சான்றிதழ் எப்படிக் கைக்கு வந்து சேர்கிறது, அதற்குள் தயாரிப்பாளர் என்னென்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை விரிவாகச் சொல்பவர்கள் குறைவு. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நண்பர்கள் சிலர் பணம் போட்டு, நட்சத்திரங்கள் இல்லாமல் எடுத்த எங்கள் படத்திற்கு அந்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. கல்குவாரியை ஒட்டிய ஓர் ஊரில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பத்தின் கதை அது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரும் ஒரு காவல் நிலையமும் அதில் உண்டு. இவ்வளவு தெரிந்தால் போதும், பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

விண்ணப்பம் இப்போது இணையவழியில்தான். இ-சினிபிரமாண் என்னும் தளத்தில் தயாரிப்பாளர் பெயரில் கணக்குத் தொடங்கி, படத்தின் நீளம், மொழி, கதைச் சுருக்கம், கலைஞர்கள் பட்டியல், பாடல் வரிகள் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டணம் செலுத்த வேண்டும். இவற்றில் உண்மையாகவே நேரம் பிடிப்பது சென்சார் ஸ்கிரிப்ட். படப்பிடிப்புக்கு முன் எழுதிய திரைக்கதை இதற்கு உதவாது. முடிவடைந்த படத்தில் திரையில் தெரிவதையும் காதில் விழுவதையும் அப்படியே எழுதித் தர வேண்டும். நடிகர்கள் படப்பிடிப்பில் தாமாகச் சேர்த்த வார்த்தைகள், டப்பிங்கில் மாறிய வரிகள், சந்தைக் காட்சியில் கூட்டத்திலிருந்து யாரோ கொடுக்கும் குரல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதைக் கூலிக்குத் தட்டச்சு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், கொடுப்பதில் தவறில்லை. ஆனால் படத்தை ஓடவிட்டு வரிக்கு வரி ஒப்பிடும் வேலையை இயக்குநரே செய்வது நல்லது. எங்கள் படத்தில் காவல் நிலையக் காட்சியில் பின்னணியில் இருக்கும் காவலர் ஒருவர் முணுமுணுத்த வசைச் சொல்லை ஒப்பிடும்போதுதான் நானே முதன்முறையாகக் கேட்டேன்.

அடுத்தது விலங்குகள். ஆட்டுமந்தை இல்லாமல் எங்கள் கதையே இல்லை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டின் விதிகளின்படி, படத்தில் ஏதேனும் விலங்கைப் பயன்படுத்தினால் படப்பிடிப்புக்கு முன்பே இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். படம் முடிந்தபின் அந்தக் காட்சிகளைக் காட்டித் தடையின்மைச் சான்றும் வாங்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் தணிக்கை நகராது. ருக்மிணி தேவி அருண்டேல் முன்னின்று 1962-இல் அமைத்த அந்த வாரியம் பல ஆண்டுகள் சென்னையில் திருவான்மியூரில்தான் இயங்கியது. தமிழ்ப் படக்காரர்கள் பேருந்து ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருவார்களாம். 2018-இல் அது ஹரியானாவில் உள்ள பல்லப்கட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டதால், இன்று ஒரு சிறு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆடுகளின் உரிமையாளரிடம் ஒப்புதல், அவை நலமாக இருக்கின்றன என்பதற்குக் கால்நடை மருத்துவரின் சான்று, எந்தக் காட்சியில் எத்தனை ஆடு, அது என்ன செய்யும் என்னும் விவரம் எல்லாம் கொடுத்தோம். ஆடுகள் விஷயத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. வந்தது ஒரு தெருநாயால். தூரத்திலிருந்து எடுத்த ஒரு ஷாட்டில், நாங்கள் அழைக்காமலேயே ஒரு நாய் குறுக்கே ஓடி, மந்தையைக் கண்டு மிரண்டு திரும்புகிறது. அது எங்கள் நாயல்ல, யாரும் விரட்டவில்லை என்று விளக்கக் கடிதம் எழுதியும் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லாததால், அந்த ஷாட்டை நாய் நுழைவதற்கு முந்தைய நொடியோடு நறுக்கிவிட்டோம். படத்தின் முதல் வெட்டு, தணிக்கைக் குழுவில் ஒருவரும் பார்ப்பதற்கு முன்பே, எங்கள் கையாலேயே இப்படி நடந்தது.

புகைக்கும் காட்சி இருந்தால் சுகாதாரத் துறையின் 30 விநாடி விழிப்புணர்வுப் படங்களைத் தொடக்கத்திலும் இடையிலும் சேர்க்க வேண்டும். 20 விநாடி எச்சரிக்கையும், பீடியோ சிகரெட்டோ தெரியும் ஒவ்வொரு ஷாட்டின் அடியிலும் வாசகமும் வர வேண்டும். எங்கள் கதாநாயகனின் தந்தை பீடி பிடிப்பவர். ஊரில் அந்த வயதுக்காரர் வாயில் பீடி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாவு வீட்டுக் காட்சியின் அடியில் புற்றுநோய் எச்சரிக்கை ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல், அந்த ஒரு காட்சியில் மட்டும் பீடி தெரியாத டேக்கை எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

பரிசீலனைக் குழுவுக்குப் படம் திரையிடப்படும் நாள் தளத்தின் வழியாகவே தெரிவிக்கப்படுகிறது. முழுநீளப் படம் என்றால் தேர்வு அலுவலர் ஒருவரும் ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு உறுப்பினர்களும் பார்ப்பார்கள். உறுப்பினர்களில் பெண்கள் கட்டாயம் இருப்பார்கள். தயாரிப்பாளரோ இயக்குநரோ உள்ளே உட்கார முடியாது. படம் முடிந்ததும் உறுப்பினர்கள் தனித்தனியாக எழுதி முடிப்பார்கள். அதன்பின் நம்மை உள்ளே அழைப்பார்கள். நான் எதிர்பார்த்துப் போன விறைப்பு அங்கே இல்லை. படத்தைக் கவனமாகப் பார்த்திருந்தார்கள். ஓர் அம்மையார், ஆட்டுக்குட்டி சாகும் காட்சி உண்மையா என்று கேட்டு, பொம்மை என்று நான் சொன்னபின்தான் அடுத்த பேச்சுக்கே வந்தார்.

அதன்பின் வந்ததுதான் முக்கியமான பேச்சு. வயது வந்தோருக்கான ‘ஏ’ சான்றிதழ் என்றால் மாற்றங்கள் மிகக் குறைவு; 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்த, பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்னும் ‘யூஏ 16+’ வேண்டுமென்றால் ஒரு பட்டியலே இருக்கிறது; எது வேண்டும் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தாராளமான ஏற்பாடாகத் தோன்றலாம். தயாரிப்பாளரின் கணக்கு வேறு. ‘ஏ’ படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. எங்களைப் போன்ற படத்திற்குத் திரையரங்கில் வரும் பணம் விளம்பரச் செலவுக்கே காணாது. தொலைக்காட்சி உரிமை விற்றால்தான் நண்பர்களின் கடன் அடையும். ‘ஏ’ படத்தைப் பின்னால் மாற்றியமைத்துத் தொலைக்காட்சிக்கென்று தனியாகச் சான்றிதழ் பெறப் புதிய சட்டத்தில் வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. அங்கேயே நான் ‘யூஏ 16+’ என்று சொல்லிவிட்டேன்.

பட்டியலில் பெரும்பாலானவை எளியவை. மதுக்கடைப் பலகையை மங்கலாக்குவது, ஆட்சியர் அலுவலகப் பலகையில் மாவட்டத்தின் பெயரை அழிப்பது, காவல் நிலையத்தில் அடிக்கும் காட்சியைப் பாதியாகக் குறைப்பது போன்றவற்றை உடனே ஒப்புக்கொண்டோம். அடிக்கும் காட்சி குறைந்தபின் முன்னிலும் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் மறுத்தது ஒன்றைத்தான். ஊர்ப் பெரிய மனிதர், கதாநாயகனின் தந்தையைச் சாதிப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில், அந்தப் பெயரை ஒலியிலிருந்து நீக்கச் சொன்னார்கள். 1991-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் எந்தப் பிரிவினரையும் இழிவுபடுத்தும் சொற்கள் கூடாது என்று இருப்பதைக் காட்டினார்கள். அதே வழிகாட்டுதல்களில், படத்தை முழுமையாக, அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. இழிவுபடுத்துகிறவனைக் குற்றவாளியாகக் காட்டும் படத்தில் அவன் வாயிலிருந்து வரும் சொல் படத்தின் கருத்தாகாது என்று நான் வாதிட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள், முடிவு மாறவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தச் சொல்லைத் துண்டாக வெட்டி யாராவது கைப்பேசியில் பரப்பினால் என்ன செய்வீர்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

இந்த இடத்தில் சட்டம் தரும் வழிகளைச் சொல்ல வேண்டும். பரிசீலனைக் குழுவின் முடிவு பிடிக்காவிட்டால், தலைவரும் ஒன்பது பேர் வரை உறுப்பினர்களும் கொண்ட மறுபரிசீலனைக் குழுவுக்குப் போகலாம். அதுவும் சரியில்லை என்றால் முன்பு திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டெல்லியில் இருந்தது. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ 2011-இல் வெளிச்சத்துக்கு வந்தது அந்தத் தீர்ப்பாயத்தின் மூலம்தான். படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இருந்த இடம் அது; வழக்கறிஞர் இல்லாமலும் போய் வாதாட முடிந்தது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அது கலைக்கப்பட்டது. இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான். நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காது என்பதல்ல என் கவலை. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின், எல்லாரும் பார்க்கலாம் என்னும் ‘யூ’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு கருத்தை முடக்க வேண்டுமானால் அது வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போன்ற உடனடி ஆபத்தாக இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அப்படிப் போய் நிற்பதற்குக் காலமும் காசும் வேண்டும். ராஜீவ் காந்தி கொலையைத் தொட்ட ‘குற்றப்பத்திரிகை’ 1990-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டு 2007-இல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் அந்தப் படத்தைப் பார்க்கக் காத்திருந்த தலைமுறையே மாறிவிட்டிருந்தது.

எங்களுக்குத் திரையரங்குகள் ஒரு வெள்ளிக்கிழமைக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்தன. அதற்கு அடுத்த வாரம் பெரிய நடிகர் ஒருவரின் படம் வருகிறது; அந்த வெள்ளியைத் தவறவிட்டால் மூன்று மாதத்திற்கு ஓர் அரங்கமும் கிடைக்காது என்று விநியோகஸ்தர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மறுபரிசீலனைக் குழுவுக்குப் போவது என் உரிமை. போனால் அந்த வெள்ளிக்கிழமை போய்விடும். 2024-ஆம் ஆண்டின் புதிய விதிகளில் அவசரமாகப் பார்த்துத் தரும்படி கேட்க வசதி இருக்கிறது, அதிகக் கட்டணத்தோடு. எங்கள் கையிருப்பு அதற்கும் இடம் தரவில்லை. சிறிய படங்களில் வெட்டுகள் ஏற்றுக்கொள்ளப்படுவதற்குப் பயமோ சம்மதமோ காரணம் என்று நினைப்பவர்கள், வெளியீட்டுத் தேதியையும் கடன் பத்திரத்தையும் பார்க்க வேண்டும்.

ஒலியை வெறுமனே நீக்கினால் என்ன ஆகும் என்று படத்தொகுப்பாளர் போட்டுக் காட்டினார். நடிகரின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அந்த உதட்டைப் படித்துவிடுவார்கள், அரங்கில் யாராவது அதை உரக்கச் சொல்லவும் செய்வார்கள். மௌனம் அந்தச் சொல்லை இன்னும் பெரிதாக்கியது. ஆகவே நடிகரை மறுபடி டப்பிங்குக்கு வரவழைத்து, அதே உதட்டசைவுக்குப் பொருந்தும் வேறு வார்த்தைகளைத் தேடினோம். “ஏலே கல்லுடைக்கிறவனே” என்பது நீளமாக இருந்தது. “டேய் இங்க வாடா” என்பதில் வாய் மூடும் இடம் பொருந்தவில்லை. கடைசியில் அந்த ஷாட்டில் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்கும் தந்தையின் முகத்துக்குப் போய், பெரிய மனிதரின் குரலில் “மகன் எங்க போயிருக்கான்னு கேட்டேன்” என்று மட்டும் வைத்தோம். மரியாதை இல்லாத அந்தத் தொனி ஓரளவுக்கு வேலை செய்தது. முதலில் இருந்ததற்கு ஈடாகாது.

மாற்றங்களை முடித்து, எந்த நேரக் குறியீட்டில் என்ன நீங்கியது, என்ன சேர்ந்தது என்னும் பட்டியலோடு சமர்ப்பித்தால், அலுவலகத்தில் சரிபார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். இதற்குப் பிறகும் ஒரு கண்டம் இருந்தது. திரையரங்குகளுக்கு அனுப்ப டிசிபி என்னும் டிஜிட்டல் படக் கோப்பைத் தயாரித்த லேப், திருத்திய கோப்புக்குப் பதிலாகப் பழைய ஒலித்தடத்தைச் சேர்த்துவிட்டது. சான்றளிக்கப்பட்ட வடிவத்துக்கு மாறான படத்தைத் திரையிடுவது சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். அனுப்புவதற்கு முந்தைய இரவில் அந்த ஒரு காட்சியை மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்ன எங்கள் ஒலிப் பொறியாளருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். டிசிபி கைக்கு வந்ததும், வெட்டப்பட்ட இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் கிடைத்தால் கதை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. 2013 ஜனவரியில், முறையாகச் சான்றிதழ் பெற்ற ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்களின் 144 தடை உத்தரவுகளால் தமிழக அரசு இரண்டு வாரம் நிறுத்திவைத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் படத்தை அப்படி நிறுத்தும் அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை.

திரையரங்கில் ஓடி முடிந்தபின், இணையத்தில் வெளியிட ஓர் ஓடிடி நிறுவனத்தோடு பேசினோம். ஓடிடிக்கு முன்தணிக்கை கிடையாது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனமே வயது வகையைக் குறித்தால் போதும். எனவே நீக்கிய வசனத்தோடு முழுப் படத்தையும் தரலாம் என்று நினைத்தேன். தணிக்கையான வடிவத்தையே தர வேண்டும் என்று அவர்களின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அதை மாற்ற அவர்களின் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்காரர்களும் அதையே கேட்டார்கள், கூடவே சான்றிதழில் வெட்டுகளின் விவரம் குறிக்கப்பட்டுள்ள பகுதியின் நகலையும். அடுத்த படம் எடுக்கிறவர்கள், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே எந்த வடிவம் எங்கே போகலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. படம் முடிந்தபின் அதைப் பேசுவதற்கு நம்மிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.