நாகப்பட்டினத்தில் இறங்கிய பின் எங்கே நிற்பது

இந்தியாவுக்குப் போய் ஒரு வாகனம் பிடித்து ஊர் ஊராகச் சுற்றி வருவது என்று முடிவான அன்று, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து வைத்து, என் தங்கை சிவப்புப் பேனையால் வட்டமிட்ட ஊர்கள் பதினான்கு. எங்களிடம் இருந்தவை ஆறு இரவுகள். நாங்கள் நால்வரும், அதாவது அம்மா, நான், தங்கை, மைத்துனர், அதற்கு முன் கடல் கடந்து ஒரு சாலைப் பயணம் போனவர்கள் இல்லை. அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஊருக்கும் போனா ஒண்டையும் பாக்கேலாது பிள்ளை" என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் திட்டத்தைத் திரும்பவும் தொடங்கினோம். ஊர்களை எண்ணுவதை விட்டு இரவுகளை எண்ணினோம். யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பலில் போவதென்றால், திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்கே அரை நாளுக்கு மேல் வேண்டும். நாகப்பட்டினத்தில் இறங்கும் இரவும், திரும்பிக் கப்பல் ஏறுவதற்கு முந்திய இரவும் அந்தத் துறைமுக ஊருக்கே போய்விடும். மிஞ்சியவை நான்கு. இரண்டு இடங்களில் இரண்டிரண்டு இரவு தங்குவது, அதற்கு மேல் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதில்லை என்று தீர்மானித்தோம். எந்த இரண்டு இடங்கள் என்பதில்தான் ஒரு வாரம் பேசினோம். திருகோணமலையோடு ஏதாவது ஒரு தொடர்பு உள்ள ஊராக இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்த நிபந்தனையைச் சொன்னதும் பதினான்கு வட்டங்களில் பெரும்பாலானவை தாமாகவே விலகிக்கொண்டன. தங்கைக்குச் சென்னையில் சேலை எடுக்க முடியாமற்போனதில் மெய்யாகவே கவலை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

முதலாவதாகத் தேர்ந்தது தரங்கம்பாடி. நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் வழியாக வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 1620 இல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு வந்தன. திருகோணமலையில் ஒரு கோட்டை எழுப்பவும் டேனியர் முயன்றார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. அதே ஆண்டில் தஞ்சாவூரை ஆண்ட இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் அவர்கள் எழுப்பிய கோட்டையோ இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. எங்கள் ஊர்க் கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள்ளே, புள்ளிமான்கள் மேயும் வழியால், நாள்தோறும் கோயிலுக்கு நடந்து பழகிய எனக்கு, எங்கள் ஊரில் நிலைக்காமற்போன ஒரு கோட்டை நிலைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தது. மஞ்சள் பூசிய அதன் மதிலில் சாய்ந்திருந்தபோது, கோட்டையைவிட அதன் பக்கத்திலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில்தான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. 1306 இல் பாண்டியர் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைதடுப்புக் கருங்கற்களின் மேல் நின்று பார்த்தால், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கிடக்கும் பழைய தூண்களைப் பற்றி எங்கள் ஊர்ச் சுழியோடிகள் சொல்வது நினைவுக்கு வராமற்போகாது.

தரங்கம்பாடியில் இரண்டு இரவு என்றதற்கு இன்னொரு காரணம் சீர்காழி. அங்கே போய் வர ஒரு பகல் போதும் என்பதால் அதைத் தங்குமிடமாக வைக்கவில்லை. ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு; அவற்றுள் ஒன்றான திருக்கோணமலையைப் பாடிய ஞானசம்பந்தர் பிறந்த ஊர் அது. குளத்துப் படியில் உட்கார்ந்து, பாதங்களை நீரில் வைத்தபடி அம்மா ஒரு மணித்தியாலம் எழும்பவே இல்லை. பதினான்கு ஊர்த் திட்டத்தில் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இடமே இருந்திராது.

நாங்கள் அமர்த்திய வாகனத்தின் ஓட்டுநர் (நாங்கள் சாரதி என்போம், அவருக்கு அந்தச் சொல் கோயில் தேரைத்தான் நினைவூட்டியதாம்) நாகப்பட்டினத்துக்காரர். "என்னங்கம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டுத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பாக்காம போறீங்களே" என்று இரண்டு முறை கேட்டார். நியாயமான கேள்விதான். 1010 இல் கட்டி முடித்த அந்தக் கோயிலை இரண்டு மணித்தியாலத்தில் ஓடிப் பார்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை; அதற்கென்று தனியாக ஒரு முறை வர வேண்டும். வேளாங்கண்ணியில் மட்டும், வழியில் இருந்ததால், அரை மணித்தியாலம் நின்று மெழுகுதிரி ஏற்றினோம்.

அடுத்த இரண்டு இரவும் இராமேசுவரத்தில். முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டி என்று கடற்கரையை ஒட்டிய சாலையில் பெரும்பாலும் ஒரு முழுப் பகல் போனது. அந்த நீண்ட ஓட்டத்தைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. ஆனால் உப்பளமும் பனையுமாக வந்த அந்த வழி எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள மூதூர்ப் பக்கத்தை ஒத்திருந்ததால் யாரும் சலிக்கவில்லை.

தனுஷ்கோடிக்கு மறுநாள் விடியவே போனோம். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இலங்கையைக் குறுக்கறுத்து, வவுனியா வழியே கடந்த புயல்தான் அன்றிரவு இந்த ஊரை அழித்தது. இந்தக் கதையை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அம்மாவுக்கு அது கதை அன்று. இடிந்த தேவாலயத்தின் சுவரில் பதிந்திருந்த பவளக்கல் ஒன்றைத் தடவியபடி, ஒன்பது வயதில் தங்கள் வீட்டுக் கிடுகுக் கூரை கிளம்பிப் போனதையும், தாத்தா எல்லாரையும் கயிற்றால் பிணைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதையும் சொன்னார். இத்தனை வருடத்தில் எங்களிடம் ஒருநாளும் சொல்லாத விவரங்கள் அவை. ஓட்டுநரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

இராமேசுவரத்திலிருந்தபடியே சம்பந்தர் திருக்கோணமலையைத் தொழுது பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. அன்று மாலை கோயிலின் நீண்ட பிரகாரத்தைச் சுற்றிவிட்டு அக்கினி தீர்த்தக் கரைக்கு வந்ததும் அம்மா, "எங்கட ஊர் எந்தப் பக்கம் தம்பி?" என்று ஓட்டுநரைக் கேட்டார். அவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, இரண்டு முறை திரும்பிப் பார்த்து, தென்கிழக்குப் பக்கமாகக் கையை நீட்டினார். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று, சிறுவயதில் பாடமாக்கிய பதிகத்தை முதற்பாட்டிலிருந்து கடைக்காப்பு என்னும் இறுதிப் பாட்டு வரை மெல்லிய குரலில் பாடினார்.