"ப்ளீஸ் ரிப்பீட்"னு சொல்றதுக்கு ஒரு வகுப்பு

நியூ ஜெர்சிக்கு வந்தப்போ எனக்கு ஹெச்-4 விசா, அதாவது வீட்டுக்காரர் விசாவோட ஒட்டி வர்றது, வேலைக்குப் போக முடியாது. வீட்லயே அடைஞ்சு கிடக்கப் பிடிக்காம பக்கத்துல இருந்த ஒரு அடல்ட் ஸ்கூலுக்கு சாயங்காலம் வாலன்டியரா போக ஆரம்பிச்சேன், அப்புறம் ஈஏடிங்கிற வேலை பர்மிட் கைக்கு வந்ததும் அங்கயே பார்ட் டைம் டீச்சரா சேத்துக்கிட்டாங்க. ஏழு வருஷம் ஓடிருச்சு. வாரத்துல ரெண்டு நாள் சிட்டிசன்ஷிப் கிளாஸ், ரெண்டு நாள் வேலை தேடுறவங்களுக்கான இங்கிலீஷ் கிளாஸ்.

சேர்ந்த புதுசுல நான் நினைச்சேன், சிட்டிசன்ஷிப் டெஸ்ட்னா அந்த சிவிக்ஸ் கேள்விதான், அதாவது அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தின கேள்விதான் கஷ்டம்னு. அப்படி இல்ல. கேள்வியும் பதிலும் அரசாங்கமே வெளியிட்டிருக்கு, பழைய டெஸ்ட்ல 100 கேள்வி, அதுல 10 கேப்பாங்க, 6 சரியா சொன்னா போதும். 2025 அக்டோபர் 20-லருந்து அப்ளை பண்றவங்களுக்கு 128 கேள்வி, 20 கேப்பாங்க, 12 சரியா வரணும். இப்போ ஒரே ரூம்ல ரெண்டு வகை ஆளுங்களும் உக்காந்திருக்காங்க, யாருக்கு எந்த டெஸ்ட்னு நோட்டு அட்டைல எழுதி வச்சிருக்கோம். ஆனா ரெண்டுலயும் மனப்பாடம் ஒரு பிரச்சனையே இல்ல, பகல் முழுக்க பொட்டி தூக்கிட்டு வர்றவங்ககூட ரெண்டு மாசத்துல பாதிக்கு மேல தலைகீழா ஒப்பிப்பாங்க.

இன்டர்வியூ எடுக்குற ஆபீசர் பேசுற இங்கிலீஷ்லதான் மாட்டிக்கிறாங்க. வெயிட்டிங் ரூம்ல வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, நடந்துக்கிட்டே எப்படி வந்தீங்க, டிராஃபிக்கா இருந்துச்சான்னு கேப்பாரு பாருங்க, அங்கயே ஆரம்பிச்சிடுது. அப்புறம் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ற என்-400 ஃபார்ம்ல நாம எழுதிக் குடுத்ததையே ஒண்ணொண்ணா வாயால கேப்பாரு, அந்தப் பேச்சை வச்சுத்தான் நமக்கு இங்கிலீஷ் புரியுதா பேச வருதான்னு முடிவு பண்றாங்க. அந்த ஃபார்ம்ல இருக்குற வார்த்தைங்க வீட்லயோ கடைலயோ யாரும் பேசுறதில்ல. ஓத்னா உறுதிமொழி, ஜெனோசைட்னா இனப்படுகொலை, டோட்டலிடேரியன்னா சர்வாதிகாரம் சம்பந்தப்பட்டது.

கோயம்புத்தூர்ப் பக்கத்துலருந்து ஒரு அம்மா வந்தாங்க, 67 வயசு, பையன் மூலமா கிரீன் கார்டு வாங்கி ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. 65 வயசு தாண்டி 20 வருஷம் கிரீன் கார்டு இருந்தா தாய்மொழிலயே சிவிக்ஸுக்குப் பதில் சொல்லலாம், 20 கேள்வி மட்டும் படிச்சாப் போதும், இவங்களுக்கு அந்த சலுகை கிடையாது. ஆனா மாசக் கணக்குல உக்காந்து 100 கேள்வியையும் கந்த சஷ்டி கவசம் சொல்ற மாதிரி கடகடன்னு சொல்லுவாங்க. நடுவுல நிறுத்தி 43-வது கேள்விய மட்டும் கேட்டா மறுபடி முதல்லருந்து மனசுக்குள்ள ஓட்டிட்டு வரணும், உதடு மட்டும் அசையும், நான் காத்துக்கிட்டு இருப்பேன். ஒருநாள் ஃபார்ம் படிக்கும்போது 'பேர் ஆர்ம்ஸ்' வந்துச்சு. அவங்க டிக்‌ஷனரில பேர்னா கரடி, ஆர்ம்னா கைன்னு பென்சில்ல எழுதிட்டு வந்து, "ஏன் கண்ணு, கரடிக்கும் இவங்க சிட்டிசன்ஷிப்புக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டாங்க. நாட்டுக்காக ஆயுதம் ஏந்தத் தயாரான்னு கேக்குறாங்கம்மான்னு சொன்னதும் ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், "இது புரியாம எஸ்னு சொல்லியிருந்தா தப்பாப் போயிருக்குமே"ன்னாங்க.

அந்த வார்த்தை எனக்குள்ள தங்கிடுச்சு. புரியாமலே எஸ்னு தலையாட்டுறது நம்ம ஆளுங்க மட்டும் இல்ல, ஹெய்ட்டிலருந்து வந்தவங்க, எகிப்துலருந்து வந்தவங்க, எல்லாருமே செய்யிறாங்க. பெரிய மனுஷன் எதிர்ல உக்காந்து கேக்கும்போது திருப்பிக் கேட்டா மரியாதை இல்லன்னு வளந்தவங்க நாம. அதனால அன்னைலருந்து ஒவ்வொரு கிளாஸும் மொதப் பத்து நிமிஷம் இதுக்குத்தான். நான் வேணும்னே வேகமா, வாய்க்குள்ள முணுமுணுத்துக் கேப்பேன், அவங்க "ப்ளீஸ் ரிப்பீட்", இல்லன்னா "வாட் டஸ் தட் மீன்"னு சொல்லியாகணும். சொல்லாம தலையாட்டினா மறுபடி.

வேலை கிளாஸ்லயும் இதேதான். டொமினிகன் ரிபப்ளிக்லருந்து வந்த ஒருத்தரு, ஊர்ல 11 வருஷம் மெக்கானிக், இங்க வேர்ஹவுஸ்ல லோடு ஏத்துறாரு. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னா அவரு அப்பா பேரு, ஊரு, எத்தனை பிள்ளைங்கன்னு சொல்லுவாரு, நம்ம ஊர்லயும் அப்படித்தானே ஆரம்பிப்போம், அதுதானே ஒரு மனுஷனப் பத்தின சேதி. இங்க அது இல்லாம எஞ்சின்ல என்ன செய்வீங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னு அவருக்குச் சொல்றது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசுக்குக் கஷ்டமாதான் இருக்கு. ஆனா சொல்லித்தான் ஆகணும். ஹைஸ்கூல் முடிச்சதுக்குச் சமமான ஜிஇடி பரீட்சையும் எழுதுறாரு, நாலு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 145 வாங்கணும். ஸ்பானிஷ்லயே எழுதலாம், அவரு பிடிவாதமா இங்கிலீஷ்லதான் எழுதுறாரு. மூணு முடிச்சுட்டாரு, கணக்குல மட்டும் 143.

2025 ஜூலை மாசம் இந்த மாதிரி கிளாஸுங்களுக்கு வரவேண்டிய ஃபெடரல் பணம் நின்னுபோச்சு, மாசக் கடைசிலதான் விட்டாங்க. அந்த நாலு வாரமும் செப்டம்பர்ல கிளாஸ் இருக்குமான்னு இவங்க எல்லாரும் கேக்க, என்கிட்ட பதில் இல்ல. அப்பவும் அந்த மெக்கானிக் சாயங்காலம் ஆறரைக்கு லைப்ரரில கணக்குப் புஸ்தகத்தோட உக்காந்திருந்தாரு, நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கு பார்க்கிங்லருந்தே போன் பண்ணாங்க. பாஸான்னு நான் கேக்குறதுக்குள்ள, "ரெண்டு தடவ ப்ளீஸ் ரிப்பீட்னு சொன்னேன் கண்ணு, அந்த ஆபீசர் பையன் கோவிக்கவே இல்ல, மெதுவா திருப்பிக் கேட்டான்"ன்னாங்க. பாஸானதை அவங்க பையன்தான் போன வாங்கிச் சொன்னாரு.