பக்கத் தலையில் ‘சீக்ரெட்’: ஒரு பயிற்சி நூலைப் பக்கமைத்த கதை

இறுதி புரூஃப் ஒருவழியாக ஒப்புதலாகி வந்துவிட்டது. இதுபோன்ற வேலை உங்கள் டைப்செட்டிங் நிறுவனத்துக்கும் வரக்கூடும். பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நூல் இதுதான்: அமெரிக்க அரசின் இரகசிய ஆவணங்களில் எந்தக் குறியை எங்கே இட வேண்டும் என்று புதிய ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கையேடு. உள்ளே இருப்பவை எல்லாம் இட்டுக்கட்டிய கடிதங்களும் அறிக்கைகளும்தான். உண்மையான இரகசியம் ஒரு வரிகூடக் கிடையாது. விதிகளும் ஒளிவுமறைவில்லாமல் யாரும் படிக்கக் கிடைப்பவை: 2009 டிசம்பர் 29 அன்று ஒபாமா கையெழுத்திட்ட 13526ஆம் எண் ஆணையும் அதையொட்டிய நடைமுறை விதிகளும். கீழிருந்து மேலாக கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என மூன்று நிலைகள். ஒவ்வொரு பத்திக்கு முன்னாலும் அடைப்புக்குறிக்குள் (யூ), (சி), (எஸ்), (டிஎஸ்) என்று ஒன்று வர வேண்டும். ‘யூ’ என்றால் ‘அன்கிளாசிஃபைடு’, அதாவது இரகசியமற்றது; மற்றவை அந்த மூன்று நிலைகளின் சுருக்கங்கள். பக்கத்தின் தலையிலும் அடியிலும் நிலையின் பெயர் முழுச் சொல்லாக வர வேண்டும். சுருக்கம் பத்திக்கு மட்டும்தான்.

பக்கத்துக்கு இடும் குறியில் விதி இரண்டு வழிகளைத் தருகிறது. ஆவணம் முழுவதிலும் உள்ளவற்றுள் மிக உயர்ந்த நிலையை எல்லாப் பக்கங்களிலும் அச்சிடலாம். அல்லது அந்தந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் உயர்ந்ததை மட்டும் அச்சிடலாம். உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் அச்சாக நிற்கும் மாஸ்டர் பக்கத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் முடிந்தது. எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கற்பிக்கும் நூல் என்பதால் மாதிரி ஆவணங்களில் பாதி இரண்டாவது முறையில்தான் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

முதலில் இன்டிசைன் என்ற பக்கமைப்பு மென்பொருளில்தான் அமைத்தோம். அதில் பத்தி பாணியை வைத்து ஓடும் தலைப்பு (பக்கத்தின் உரையிலிருந்து தானாக எடுக்கப்பட்டுப் பக்கத் தலையில் வருவது) தரும் வசதி இருக்கிறது, தெரிந்திருக்கும். பக்கத்தில் அந்தப் பாணியில் முதலில் வருவதை எடு, அல்லது கடைசியில் வருவதை எடு. அவ்வளவுதான். அகராதிக்கு அது போதும். ஆனால் (யூ) என்று தொடங்கி, நடுவில் (எஸ்) வந்து, (சி) என்று முடியும் பக்கத்துக்கு மென்பொருள் ‘அன்கிளாசிஃபைடு’ என்றோ ‘கான்ஃபிடென்ஷியல்’ என்றோதான் தலைப்பிடும். சீக்ரெட் நடுவில் ஒளிந்துகொள்ளும். முதலாவது எது, கடைசி எது என்று மென்பொருளுக்குத் தெரியும்; உயர்ந்தது எது என்று தெரியாது.

இதைக் கணக்கிட ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதிவிடலாமே என்பீர்கள். எழுதினோம். அட்டவணையில் போய் நின்றது. உரையோட்டத்தைப் பொறுத்தவரை முழு அட்டவணையும் ஒரே ஓர் எழுத்துதான். உள்ளே கட்டங்களில் இருக்கும் (எஸ்) எதுவும் பத்திக் கணக்கில் வராது, தனியாகத் தோண்ட வேண்டும். அதைத் தோண்டினால் அடிக்குறிப்பு. அதையும் முடித்தால், ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு யாரோ ஒரு பத்தியைத் திருத்தி, எல்லாம் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்திருக்கும்.

வாடிக்கையாளர் தரப்புச் சரிபார்ப்பாளரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். “பக்கக் குறி தவறு.” இவ்வளவுதான் அவருடைய மறுமொழி. எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார். கேட்டால், விதிநூலைப் பார்க்கவும் என்று பதில் வரும்.

கடைசியில் லேடெக்குக்கு, அதாவது கட்டளைகளை எழுதிப் பக்கமைக்கும் மென்பொருளுக்கு, மாறினோம். அதிலும் நேரடி வழி கிடையாது. பக்கத்தில் உள்ள குறிகளைத் தலைப்புக்கு எடுத்துத் தர 2022 ஜூனில் வந்த புதிய ‘மார்க்’ ஏற்பாடுகூட முதலாவதையும் கடைசியையும் முந்தைய பக்கத்திலிருந்து தொடர்வதையும்தான் தருகிறது. ஆனால் வேறொரு வசதி உண்டு. பத்திக்குள் கண்ணுக்குத் தெரியாத ‘ரைட்’ கட்டளை ஒன்றை வைத்தால், பக்கம் முழுதாகக் கட்டப்பட்டு வெளியேறும் தருணத்தில்தான் அது அந்தப் பத்தியின் நிலையைத் தனியாக ஒரு துணைக்கோப்பில் எழுதும். ஆகவே பத்தி எந்தப் பக்கத்தில் விழுந்ததோ அந்தப் பக்க எண் பிசகாமல் பதிவாகும். லேடெக்கை மறுபடி இயக்கும் அடுத்த ஓட்டத்தில் அந்தக் கோப்பைப் படித்து, பக்கவாரியாக உயர்ந்ததை எடுத்துத் தலையில் போட்டால் போதும். மிதக்கும் படங்களுக்கு (இடம் பார்த்து மென்பொருளே நகர்த்தி வைப்பவை) தனி வேலை இல்லை. படம் எங்கே போனாலும் கட்டளையும் கூடவே போகிறது.

நேரம் தின்ற இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, இரண்டு பக்கங்களில் பிளந்து கிடக்கும் பத்தி. (எஸ்) முதல் பக்கத்தோடு நின்றுவிடும். வால் மட்டும் மறுபக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கமும் சீக்ரெட்தான். எனவே பத்தியின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு கட்டளைகள் வேண்டும். அடுத்தது பக்க எண். முன்னுரையின் ரோமன் ஒன்றும் நூலின் முதல் பக்கமும் கணக்கில் ஒரே ‘1’. பக்க எண்ணை நம்பினால், உள்ளே டாப் சீக்ரெட் இருக்கும் பக்கத்தால் முன்னுரையும் டாப் சீக்ரெட் ஆகிவிடும். வெளியேறிய தாள்களின் தொடர் எண்ணைத்தான் பிடிக்க வேண்டும். அத்தியாயத் தலைப்புகளுக்கும் குறி உண்டு. (சி) தலைப்பை ஓடும் தலைப்பாக விட்டால் அந்த அத்தியாயம் முழுவதுமே கான்ஃபிடென்ஷியல். ஓடும் தலைப்பை எடுத்தே விட்டோம். யாருக்கும் அதனால் நட்டமில்லை.

பக்கத் தலையிலும் அடியிலும் நிலையின் பெயர் வரும் பட்டியின் உயரத்தை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரகசிய நிலைக்கேற்ப அது கூடிக் குறைந்தால் பத்திகள் நகரும், நகர்ந்தால் நிலை மாறும், ஓட்டம் முடியவே முடியாது.

எங்கள் பிரதி திருத்துநரின் கைங்கரியம் தனி. முதல் பக்கத்தில் யார் வகைப்படுத்தினார், எதிலிருந்து பெறப்பட்டது, இரகசிய நிலை எப்போது விலக்கப்படும் என்று ஒரு கட்டம் வரும். அதில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு இலக்கமாக ஒட்டி எழுத வேண்டும். அவர் அதை அழகாக மாதப் பெயரோடு, காற்புள்ளியோடு மாற்றிவிட்டார். நிறுவனத்தின் நடைக்கையேடு அப்படித்தான் சொல்கிறதாம்.

எல்லாம் சரியாகி பிடிஎஃப்பை அனுப்பினால் மின்னஞ்சல் போகவில்லை. எங்கள் நிறுவனத்தின் தகவல் கசிவுத் தடுப்பு மென்பொருள், பக்கத்துக்குப் பக்கம் சீக்ரெட் என்று இருப்பதைப் பார்த்துப் பிடித்து வைத்துக்கொண்டது. பாதுகாப்புப் பிரிவுக்கு நடந்தேன்.

“சார், ஃபைலில் டாப் சீக்ரெட் என்றே போட்டிருக்கிறதே, நாங்கள் எப்படி விடுவது?” என்றார் அங்கிருந்த தம்பி.

“அது பாடப்புத்தகம் தம்பி. மாதிரிப் பக்கங்கள் எல்லாவற்றிலும் பயிற்சிக்காக மட்டும் என்று அச்சிட்டிருக்கிறது, பாருங்கள்.”

“அதை மென்பொருள் படிக்காது சார்.”

வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். கேட்டேன், அனுப்பினார். விளக்கத்துக்காக ஒரு மாதிரிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தையும் அதே மென்பொருள் வாசலிலேயே நிறுத்திவிட்டது. இணைப்பில்லாத வெறும் கடிதமாக மறுபடி வாங்கி, விதிவிலக்குப் படிவம் நிரப்பி, கையொப்பத்துக்குக் காத்திருந்து, அப்புறம்தான் கதவு திறந்தது. வேலையை ஏற்கும் நாளிலேயே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரிபார்ப்பாளர் வழிக்கு வந்ததும் துணைக்கோப்பால்தான். பக்கவாரியாக எந்த நிலை, எந்தப் பத்தியால் அந்த நிலை என்று அதிலிருந்து ஒரு பட்டியல் எடுத்து புரூஃபோடு சேர்த்தேன். அதற்குப் பிறகு அந்த ஒற்றை வரி மறுமொழி வரவில்லை. பக்க எண்ணோடு கேள்விகள் வந்தன, அவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தது. ஒப்புதலும் வந்தது.

அதே மின்னஞ்சலின் கீழ்ப்பகுதியில், அடுத்த பதிப்பில் ‘நோஃபோர்ன்’ (வெளிநாட்டவருக்குத் தரக் கூடாது) போன்ற கட்டுப்பாட்டுக் குறிகளும் இரட்டைச் சாய்கோட்டோடு சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். அதாவது நிலையில் உயர்ந்ததை மட்டும் எடுத்தால் போதாது. பக்கத்தில் உள்ள கட்டுப்பாடுகளையும் திரட்டிப் பட்டியில் காட்ட வேண்டும். இந்த முறை பக்கக் கணக்கில் விலை சொல்லவில்லை. மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறேன்.