ஷிப்ட் முடியும் நேரம்

மார்ச் 3, திங்கள்

அப்பா கண் திறந்தார். என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, பெயர் வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

வார்டுக்கு வெளியே கடைசி நாற்காலி என்னுடையது. ப்ளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு மணி வாக்கில் டாக்டர் வந்திருக்கிறார். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, அதனால்தான் வலது கையும் பேச்சும் போயிருக்கின்றன என்று அக்காவிடம் விளக்கிவிட்டுப் போய்விட்டார். பத்தடி தள்ளி நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நாளைக்குள்ள முடிச்சிடலாம்" என்று யாருக்கோ உறுதி கொடுத்துக்கொண்டிருந்தேன். எதை முடிக்க? இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மனசு ஏதோ ஒரு ஃபைலில் இருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வரும் என்று சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் 2009-ல் எழுதியிருக்கிறார். ஒரு மணி நேரம் கையைப் பிடித்திருந்தேன். அதில் எத்தனை நிமிடம் அப்பாவோடு இருந்தேன்?

மார்ச் 6, வியாழன்

மேனேஜர் பேசினார். "வீட்டைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்." மனதாரத்தான் சொன்னார். மூன்று மணி நேரம் கழித்து அவரிடமிருந்தே ஒரு செய்தி: "சின்னக் கேள்விதான், அவசரமில்லை."

மார்ச் 8, சனி

சின்னக் கேள்விகள், இதுவரை ஐந்து.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை.

போன வருடம் ஆபீஸில் வேலை-வாழ்க்கைச் சமநிலை பற்றி ஒரு வகுப்பு நடந்தது. மூச்சுப் பயிற்சி, நேரத்தைத் திட்டமிடுவது, முடியாது என்பதைப் பக்குவமாகச் சொல்லப் பழகுவது. அக்கறையாகக் குறிப்பெடுத்தேன். இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. சமநிலை என்றாலே தராசு. ஒரு தட்டில் வேலை, ஒரு தட்டில் வாழ்க்கை, தராசைப் பிடித்திருப்பது நான். தட்டு சாய்ந்தால் எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடும். வேலைத் தட்டில் எடையைப் போட்டுக்கொண்டே இருக்கும் கையைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு வார்த்தை இல்லை.

அப்பா இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. அவருக்கு ஆலைச் சங்கு இருந்தது. ஆறு, இரண்டு, பத்து. சங்கு ஊதினால் தறியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். தறி அவரைத் தேடி வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் வேலையை வெறுத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், அதில் அவருக்கு அத்தனை பெருமை. பிடித்த வேலை. ஆனால் முடியும் வேலை.

அந்தச் சங்கு சும்மா கிடைத்ததில்லை. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் முழங்கியது 1817-ல். 1886 மே 1 அன்று அமெரிக்கா முழுக்கத் தொழிலாளர்கள் எட்டு மணி நேரம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மே 4 அன்று சிகாகோ ஹேமார்க்கெட்டில் உயிர்கள் போயின. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். ஓவன் சொன்னதிலிருந்து நூறு வருடங்களுக்கு மேல். அந்த நூறு வருடத்திலும் யாரும் தனித்தனியாக உட்கார்ந்து சமநிலை பழகவில்லை. சேர்ந்து நின்று, வேலைக்கு ஒரு முடிவு நேரத்தை வாங்கினார்கள். எங்கள் வேலையில் அது எந்த நாளில் காணாமல் போனது? யாரும் பிடுங்கிக்கொண்டதாக நினைவில்லை. நானாகத்தான் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மணி மூன்றே கால்.

மார்ச் 11, செவ்வாய்

இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். தண்ணீர் வேண்டுமென்றாலும் தட்டுகிறார், வலித்தாலும் தட்டுகிறார். எது எதற்கு என்று அக்காவுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவின் பிபி எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் அவருடைய பிபி. வலது பக்கம் காலியாக இருந்தது. என் வேலை நேரத்தைப் பழைய மெயில்களைப் பார்த்து வாரவாரியாக எழுதினேன். 57, 61, 58. லீவு போட்டிருக்கும் இந்த வாரம் 26.

உலக சுகாதார அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு இது: வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் செய்கிறவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். பக்கவாதம் வந்த கை இதோ என் கைக்குள் இருக்கிறது. எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 15, சனி

"நீ லீவு போட்டிருக்கே. நான் எங்கே போய் லீவு போடறது?"

அக்கா கத்தவில்லை. துணி மடித்தபடியே சொன்னாள். மருந்து, பிபி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நடு ராத்திரித் தட்டல். இதற்கு முன்னால் அம்மாவையும் அவள்தான் பார்த்தாள், ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் நான் இரண்டு பதவி உயர்வு வாங்கினேன்.

ஓவன் சொன்ன எட்டுகளில் அக்கா எந்த எட்டில் இருக்கிறாள்? உழைப்பு என்றால் கூலி இல்லை. ஓய்வு என்றால் உட்கார நேரமில்லை. தராசின் இரண்டு தட்டிலும் அவளைக் காணோம். தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கையைத் தேடிப் படித்தேன். கூலியில்லாத பராமரிப்பு வேலை உலகத்தில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். 200 கோடி பேர் நாளுக்கு எட்டு மணி நேரம் சம்பளமில்லாமல் உழைப்பதற்குச் சமம். அதில் 76.2 சதவீதம் பெண்கள் செய்வது.

நான் 'வாழ்க்கை' என்ற தட்டில் வைத்திருந்தது எல்லாமே அக்காவின் வேலை.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார். ஞாயிறு என்று அவர் எடுத்துக்கொடுத்ததும் அப்பா திங்கள், செவ்வாய், புதன் என்று கடகடவென்று சனி வரை போய்விட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழகிப் பதிந்துபோன வரிசைகள் சில பேருக்கு இப்படித் தானாக வருமாம். யோசித்து ஒரு சொல்லை எடுப்பதுதான் கடினமாம். நாள் ஆகும் என்றார்.

இன்னொன்று. மதியம் இரண்டு மணி ஆனால் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். நேற்றும் பார்த்தார்.

மார்ச் 19, புதன்

இரவு 11.40. சின்னக் கேள்வி. பதில் போட்டுவிட்டேன். ஏன் போட்டேன்?

மார்ச் 22, சனி

அக்காவும் நானும் உட்கார்ந்து ஷிப்ட் போட்டோம். ஆறு, இரண்டு, பத்து. காலை ஷிப்ட் அவள், மதியம் அத்தான், இரவு நான். ஷிப்ட் முடிந்தவர் எழுந்து போய்விட வேண்டும், அடுத்தவர் சரியாகச் செய்கிறாரா என்று எட்டிப் பார்க்கக் கூடாது. அக்காவுக்கு அதுதான் கஷ்டம். இரண்டு மணிக்குத் தன் அறைக்குள் போனவள் இரண்டரைக்கு வெளியே வந்து நின்றாள். அத்தான் கையை மட்டும் காட்டினார். திரும்பிப் போனாள்.

மதியத்துக்கு மேல் லேப்டாப் இல்லை என்றால்தான் பகலில் தூங்கி இரவைப் பார்க்க முடியும். மூன்று மாதத்துக்குப் பாதி நேரம், பாதிச் சம்பளம் என்று மேனேஜருக்கு எழுதினேன். கடைசி வரியாக, வேலை நேரத்துக்கு அப்புறம் டீமில் யாருக்குமே செய்தி அனுப்ப வேண்டாம் என்ற விதி வேண்டும் என்றும் சேர்த்தேன். பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். நான் ஒருவர் மட்டும் போனை அணைத்தால் அந்தக் கேள்வி பக்கத்து ஆளிடம் போகும். அவர் வீட்டில் யார் படுத்திருக்கிறார்களோ.

மார்ச் 23, ஞாயிறு

பிபி 150/94. பயந்துவிட்டேன். அரை மணி கழித்து 142/88.

மார்ச் 25, செவ்வாய்

பதில் இல்லை. மேலே கேட்டுச் சொல்கிறாராம்.

ஒரு மணிக்கு லேப்டாப்பை மூடினேன். மூடிய சத்தத்துக்கு அப்பா திரும்பினார். வாய் கோணியது, ரொம்ப நேரம் முயன்றார்.

"முடிஞ்சுதா?"

முடிந்தது என்றேன். உண்மையில் இரண்டு ஃபைல் பாக்கி இருந்தது. திறக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

என் ஷிப்ட். பிபி 138/86. அக்கா தூங்குகிறாள், குறட்டை கேட்கிறது. போன் அடுத்த அறையில் இருக்கிறது. வலது பக்கத்தில் இன்றைய கணக்கை இன்னும் எழுத

கம்பியைத் தட்டுகிறார். தண்ணீர் என்று நினைக்கிறேன்.